இளம் ரிசீவர் அணியின் முதல் இலக்காக வளர்வாரா? பார்த்துக் கணிக்கும் முறை

அமெரிக்கன் ஃபுட்பாலில் டிராஃப்ட் (கல்லூரி வீரர்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுப்பது) முடிந்த கையோடு எல்லா அணி ரசிகர்களும் கேட்கும் கேள்வி இது: இந்தப் பையன் நம்முடைய நம்பர் ஒன் ரிசீவராக, அதாவது எறியும் பந்தைப் பிடிப்பவர்களில் முதல் ஆளாக வருவானா? பெரும்பாலானவர்கள் பதிலை யார்டு கணக்கிலும் ஹைலைட் வீடியோவிலும் தேடுகிறார்கள். இரண்டுமே கடைசியில் வரும் சாட்சிகள். யார்டு வர கேட்ச் வேண்டும். கேட்ச் வர, பந்து அவரை நோக்கி எறியப்பட வேண்டும். பந்து வர, அவர் களத்தில் இருந்து ரூட், அதாவது முன்பே வகுத்த பாதை, ஓட வேண்டும். ரூட்டில் தொடங்கி யார்டை நோக்கி வந்தால், யார்டு கணக்கு பேசத் தொடங்கும் முன்பே ஓரளவு விடை தெரிந்துவிடும்.

இந்த வழிகாட்டி என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக்கின் ஆட்டத்தை வைத்து எழுதப்பட்டது. கல்லூரி ஆட்டத்துக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் பங்கைக் கணக்கிடுங்கள்

ஒவ்வோர் ஆட்டத்துக்கும் மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அணி எறிந்த மொத்த பாஸ், அதில் இவரை நோக்கி வந்தவை, இவர் ஓடிய ரூட்களின் எண்ணிக்கை. முதல் இரண்டும் எந்த பாக்ஸ் ஸ்கோரிலும் கிடைக்கும். மூன்றாவதை ஆட்டப் படத்தைப் பார்த்துக் குறித்துத் தரும் தரவுத் தளங்களில் எடுக்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் இவர் களத்தில் இருந்த ஸ்னாப் (பந்து ஆட்டத்துக்கு வரும் ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்னாப்) எண்ணிக்கையை வைத்துச் சமாளிக்கலாம், ஆனால் அதில் பந்தை எறியாமல் எடுத்து ஓடும் ரன் ஆட்டங்களும் கலந்திருக்கும்.

ஒருவரை நோக்கி எறிந்த பந்துதான் டார்கெட். டார்கெட் பங்கு என்பது எளிய வகுத்தல். அணி 34 பாஸ் எறிந்து அதில் 8 இவருக்கு வந்தால் 23.5 சதவீதம். பந்தை வெளியே வீசி எறிந்ததும், கடிகாரத்தை நிறுத்தத் தரையில் அடித்ததும்கூட அணியின் பாஸ் கணக்கில் சேரும். அதனால் எல்லா வீரர்களின் பங்கையும் கூட்டினாலும் 100 வராது.

இங்கே பலர் செய்யும் தவறு, ஒவ்வோர் ஆட்டத்தின் சதவீதத்தையும் எடுத்துச் சராசரி போடுவது. நான்கு ஆட்டங்களில் அணி எறிந்தவை 22, 41, 35, 38. இவருக்கு வந்தவை 7, 6, 8, 9. சதவீதங்களின் சராசரி 23-ஐத் தாண்டும். டார்கெட்டைத் தனியாகவும் பாஸைத் தனியாகவும் கூட்டி வகுத்தால் 136-க்கு 30, அதாவது 22. அணி குறைவாக எறிந்த அந்த முதல் ஆட்டம்தான் சராசரியைத் தூக்கிவிட்டது. எப்போதும் கூட்டிய பிறகே வகுங்கள். நான்கு ஆட்டங்களை ஒரு கட்டாக வைத்து, ஒவ்வொரு வாரமும் பழையதை விட்டுப் புதியதைச் சேர்த்துக்கொண்டே போங்கள்.

நான்கு ஆட்டக் கட்டு 15 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் துணை வேடம். தொடர்ந்து 20-க்கு மேல் நின்றால் முதல் இரண்டு பேரில் ஒருவர். 25 தொட்டால் அணி இவரைச் சுற்றித்தான் பாஸ் ஆட்டத்தைக் கட்டுகிறது. 30 என்பது மிக அரிது. 2021-இல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸின் ரிசீவர் கூப்பர் கப் 145 கேட்ச், 1,947 யார்டு எடுத்தபோது அவரை நோக்கி வந்தவை 191. ஆட்டத்துக்குப் பதினொன்றுக்கு மேல்.

அடுத்தது ரூட் கணக்கு. அணி பாஸ் எறியப் பின்வாங்கிய ஒவ்வொரு முறையும், அதாவது எறிந்தது, பந்தை எறியும் குவார்ட்டர்பேக் சாக் ஆனது (எறியும் முன்பே வீழ்த்தப்பட்டது), அவரே ஓடிவிட்டது எல்லாம் சேர்த்து, அதில் எத்தனை முறை இவர் ரூட் ஓடினார் என்று பாருங்கள். முதல் ரிசீவர்கள் 90 சதவீதம் அருகில் இருப்பார்கள். புதியவர் 60-இல் தொடங்கி, ஐந்தாறு வாரத்தில் 80-ஐத் தாண்டினால், யார்டு வராவிட்டாலும் கவலைப்பட வேண்டாம். பயிற்சியாளர்கள் அவரை நம்பத் தொடங்கிவிட்டார்கள்.

ஒரு ரூட்டுக்கு எத்தனை டார்கெட், எத்தனை யார்டு என்பதையும் வகுத்துப் பாருங்கள். ஒரு ரூட்டுக்கு 2 யார்டுக்கு மேல் என்றால் நல்ல ரிசீவர். 2.5 என்றால் லீக்கின் மேல்தட்டு. ஆனால் ஆட்டத்துக்குப் பத்துப் பன்னிரண்டு ரூட் மட்டுமே ஓடுபவருக்கு இந்த எண் வீங்கித் தெரியும். முன்னால் தடுப்பாட்களை வைத்து அவருக்காகவே வரைந்த குட்டைப் பந்து, அதாவது ஸ்கிரீன் பாஸ், இரண்டு வந்தாலே போதும், விகிதம் ஏறிவிடும். ஆட்டம் தொடங்கும் கோட்டுக்குப் பின்னால் வாங்கிய பந்துகளைக் கழித்துவிட்டு மறுபடி வகுத்துப் பாருங்கள். அப்போதும் எண் நின்றால்தான் அது அவர் சம்பாதித்தது.

எங்கே நிற்கிறார்?

விதிப்படி, பந்து ஸ்னாப் ஆகும்போது தாக்கும் அணியில் ஏழு பேராவது கோட்டின் மேல் நிற்க வேண்டும். எக்ஸ் என்று அழைக்கப்படும் ரிசீவர் அந்த ஏழில் ஒருவர். கோட்டின் மேலேயே நிற்பதால் எதிரே அவரைக் காவல் காக்கும் கார்னர்பேக் கை நீட்டினால் தொடும் தூரத்தில் வந்து அழுத்த முடியும். இசட் எனப்படும் வெளி ரிசீவர் கோட்டுக்கு ஓரடி ஈரடி பின்னால் நிற்பார், ஸ்னாப்புக்கு முன் நகரலாம், அழுத்துவது கடினம். ஸ்லாட்டில், அதாவது வெளி ரிசீவருக்கும் நடுவில் நிற்கும் கூட்டத்துக்கும் இடையே, நிற்பவருக்கு இருபுறமும் இடம் உண்டு, எதிரே வருபவர் பெரும்பாலும் முதல் கார்னராக இருக்க மாட்டார்.

அதனால்தான் ஸ்லாட்டில் மட்டும் எடுத்த நூறு கேட்சுக்கும், மூன்று இடத்திலும் நின்று எடுத்த எண்பது கேட்சுக்கும் மதிப்பு வேறு. ஸ்லாட்டில் நின்றே முதல் இலக்கானவர்கள் உண்டு, கப் அதற்கு நல்ல சான்று. ஆனாலும் எக்ஸ் இடத்தில் தனியாக நின்று, அழுத்தும் கார்னரைத் தாண்டி வெளியே வருபவரை மூடி வைக்க எதிரணிக்கு இரண்டு ஆள் செலவாகும். பயிற்சியாளர்கள் தேடுவது அந்தச் செலவைத்தான்.

சியாட்டில் சீஹாக்ஸின் ஜாக்சன் ஸ்மித்-இஞ்ஜிக்பாவை இந்தக் கண்ணோடு பார்த்திருந்தால் முன்கூட்டியே தெரிந்திருக்கும். 2021-இல் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணியில் அவர் 95 கேட்ச், 1,606 யார்டு எடுத்தார். அதே அணியில் இருந்த காரெட் வில்சனும் கிறிஸ் ஒலாவேயும் அடுத்த டிராஃப்ட்டில் 10-ஆவது, 11-ஆவதாகப் போனவர்கள். சீசனின் கடைசி ஆட்டமான ரோஸ் பவுலில் அந்த இருவரும் ஆடாத நிலையில் அவர் 15 கேட்ச், 347 யார்டு எடுத்தது உண்மை. அந்த ஒரே ஆட்டத்தைக் கழித்துவிட்டாலும் 80 கேட்ச், 1,259 யார்டு மிச்சம். அப்போதும் மூவரில் இவர்தான் முன்னால். கல்லூரியில் யாரோடு பங்கு போட்டுப் பந்து வாங்கினார் என்பது மொத்த யார்டைவிட அதிகம் சொல்லும்.

2023 டிராஃப்ட்டில் 20-ஆவதாக வந்த அவர், முதல் சீசனில் 63 கேட்ச், 628 யார்டுதான் எடுத்தார். வெளியே டிகே மெட்காஃபும் டைலர் லாக்கெட்டும் நின்றார்கள். இவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஸ்லாட்டும் குட்டை ரூட்டும். ஒரு கேட்சுக்குப் பத்து யார்டு என்ற எண்ணைப் பார்த்து ஏமாற்றம் என்று எழுதியவர்கள் நிறைய. மறு சீசனில் 137 டார்கெட், 100 கேட்ச், 1,130 யார்டு. 2025 மார்ச்சில் மெட்காஃபை பிட்ஸ்பர்குக்கு அனுப்பினார்கள், லாக்கெட்டையும் விடுவித்தார்கள். மூன்றாம் ஆண்டில் அவர் முதல் ரிசீவராகவே களமிறங்கினார்.

படம் பார்க்கும் முறை

டிவி கேமரா பந்தைப் பின்தொடரும், ஸ்னாப் ஆனதும் ரிசீவர் சட்டத்தை விட்டு வெளியே போய்விடுவார். 22 பேரையும் உயரத்திலிருந்து காட்டும் ஆல்-22 படம் தேவை. என்எஃப்எல் பிளஸின் மேல்நிலைச் சந்தாவில் அது கிடைக்கிறது. ஒரே ஆட்டத்தில் இவர் ஓடிய இருபது ரூட்களைத் தேர்ந்தெடுங்கள். பந்து வந்தவற்றை மட்டும் எடுக்காதீர்கள். பந்து வராத ரூட்டில்தான் உண்மையான உழைப்பு தெரியும்.

ஒவ்வொன்றையும் மூன்று முறை ஓட்டுங்கள். முதல் முறை, முதல் ஐந்து யார்டு மட்டும். அந்த ஐந்து யார்டுக்குள் கார்னர் கை வைத்துத் தடுக்கலாம், அதைத் தாண்டினால் குற்றம், ஐந்து யார்டு தண்டனையோடு புது முதல் டவுனும் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் ஒவ்வொன்றும் ஒரு டவுன்) கிடைக்கும். ஆகவே சண்டை நடப்பது அந்த இடத்தில்தான். ரிசீவர் நின்ற இடத்திலேயே காலைத் தட்டிக்கொண்டு இருந்தால் அழகாக இருக்கும், ஆனால் நேரம் போய்விடும். நல்லவர் ஓர் அடி வெளியே காட்டி, கார்னரின் கை நீளும் கணத்தில் அதைத் தட்டிவிட்டு, அவர் தோளை உரசிக்கொண்டே போவார். தாண்டியதும் மறுபடி கார்னருக்கு நேர் முன்னால் வந்து அவரைத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்கிறாரா என்று பாருங்கள். அப்படி வைத்துக்கொண்டால் கார்னர் திரும்பிப் பந்தைப் பார்க்கவே முடியாது. தாண்டிய பிறகும் பக்கத்திலேயே ஓடி எல்லைக் கோட்டை நோக்கி ஒதுங்கினால், குவார்ட்டர்பேக்குக்குப் பந்து போட இடமே இருக்காது.

இரண்டாம் முறை, திரும்பும் இடம். டிக் ரூட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: நேரே பன்னிரண்டு யார்டு ஓடி, நடுக்களத்தை நோக்கி உள்ளே வெட்டுவது. முதல் பத்து யார்டு, நேராக ஓடிவிடும் கோ ரூட்டைப் போலவே இருக்க வேண்டும். அதே வேகம், நெஞ்சு முன்னால் சாய்ந்தபடி, கை வீச்சு குறையாமல். கார்னர் பயந்து இடுப்பைத் திருப்பி ஓடத் தொடங்கியதும், இவர் இடுப்பைத் தாழ்த்தி மூன்று எட்டில் வேகத்தைக் கொல்ல வேண்டும். கடைசி வெளிக்கால் உடம்புக்கு நேர் கீழே ஊன்ற வேண்டும். உடம்பை விட்டு அகலமாக ஊன்றினால் வழுக்கும், இல்லையென்றால் இன்னோர் எட்டு கூடும். ஊன்றிய கணமே தலை குவார்ட்டர்பேக் பக்கம் திரும்ப வேண்டும், ஏனென்றால் பந்து அந்நேரம் கையை விட்டுக் கிளம்பிக்கொண்டிருக்கும்.

இளைஞர்கள் தவறுவது இரண்டு இடத்தில். ஒன்பதாவது யார்டிலேயே நெஞ்சு நிமிரும், கை வீச்சு நின்றுவிடும். கார்னருக்கு அது கடிதம் போட்டுச் சொன்ன மாதிரி. இரண்டாவது, வெட்டு கூர்மையாக இல்லாமல் வளைந்து, பதின்மூன்று பதினான்கு யார்டுக்கு மேலே மிதந்து போவது. கார்னர் குறுக்கே புகுந்து பந்தைப் பிடித்துவிடுவார். கணக்கில் அந்த இன்டர்செப்ஷன் குவார்ட்டர்பேக் பேரில்தான் ஏறும். அடுத்த ஆட்டத்தில் அதே இடத்துக்கு எறிய அவர் தயங்குவார். இளம் ரிசீவரின் டார்கெட் திடீரென்று குறைந்தால், முந்தைய இரண்டு வாரத்தின் இன்டர்செப்ஷன்களை ஓட்டிப் பாருங்கள். காரணம் பெரும்பாலும் அங்கே கிடக்கும்.

எதிரணி ஆளைப் பிடிக்காமல் இடத்தைக் காக்கும்போது பார்க்க வேண்டியது வேறு. கோட்டுக்குச் சற்றுப் பின்னால் காக்கும் இரண்டு லைன்பேக்கர்களுக்கு இடையே இடைவெளி வந்ததும் வேகத்தைக் குறைத்து, நெஞ்சைக் குவார்ட்டர்பேக்குக்குக் காட்டி நிற்க வேண்டும். ஓடிக்கொண்டே அடுத்த காவலாளியின் மடிக்குள் போய் விழுபவர் நிறைய.

மூன்றாம் முறை, ரிசீவரை விட்டுவிட்டு குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டைப் பாருங்கள். பின்வாங்கிய கால் ஊன்றியதும் முகம் முதலில் யார் பக்கம் திரும்புகிறது? முகம் முதலில் இவரைத் தேடிய முறைகளைத் தனியாகக் குறியுங்கள். மூன்றாவது டவுனில் நான்கு முதல் எட்டு யார்டு வேண்டிய நிலை, எதிரணியின் 20 யார்டுக்குள், பாதி முடிய இரண்டு நிமிடம் என்ற மூன்று நேரத்திலும் தனி எண்ணிக்கை வையுங்கள். முதல் டவுனில் எளிய பந்து யாருக்கும் கிடைக்கும். மூன்றாவது டவுனில் முதல் பார்வை வாங்குபவர்தான் நம்பப்படுபவர். திட்டம் உடைந்து குவார்ட்டர்பேக் தப்பி ஓடும்போது இவர் அதே பக்கம் திரும்பி வருகிறாரா என்பதையும் சேர்த்துக் கவனியுங்கள்.

முன்னால் இருப்பவர் யார்?

திறமை இருந்தாலும் இடம் காலியாக வேண்டும். கடந்த சீசனில் அணியை விட்டுப் போனவர்கள் வாங்கிய டார்கெட்டைக் கூட்டிப் பாருங்கள். 150 டார்கெட் காலி என்றதும் அத்தனையும் இளைஞருக்கே வரும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அணி ரன் பக்கம் சாயலாம், தடுக்கவும் பந்து பிடிக்கவும் செய்யும் டைட் எண்டுக்குப் போகலாம், ஆகஸ்ட்டில் ஒரு மூத்தவரை வாங்கலாம். காலி இடம் கதவைத் திறக்கும், அவ்வளவே.

காயத்தால் கிடைத்த இடத்தைத் தனியாகப் பாருங்கள். 2023-இல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸில் கப் தொடைத்தசைக் காயத்தோடு முதல் நான்கு ஆட்டம் இல்லை. ஐந்தாம் சுற்றில் 177-ஆவதாக வந்த பூக்கா நாகுவா முதல் ஆட்டத்தில் 10 கேட்ச், இரண்டாவதில் 15 கேட்ச். இரவல் இடம், கப் வந்ததும் அடங்கிவிடும் என்றார்கள். கப் வந்தார், ஆனால் நாகுவாவுக்குப் பந்து நிற்கவில்லை. சீசன் முடிவில் 105 கேட்ச், 1,486 யார்டு, இரண்டுமே அன்று புதுமுகத்துக்கான லீக் சாதனை. மூத்தவர் திரும்பி வந்த முதல் நான்கு ஆட்டக் கட்டுதான் உரைகல். பங்கு கொஞ்சம் இறங்குவது இயல்பு. 25-இலிருந்து 20 ஆனால் நல்லது. 25-இலிருந்து 11 ஆனால், முன்பு வந்தது ஆள் இல்லாததால் வந்தது.

மெதுவாகத் தொடங்கியவரையும் அவசரப்பட்டுத் தள்ளாதீர்கள். டவான்டே ஆடம்ஸ் முதல் இரண்டு சீசனிலும் 500 யார்டைத் தொடவில்லை. மூன்றாவதில் 997 யார்டும் 12 டச் டவுனும் எடுத்தார். டெட்ராய்ட்டின் ஆமன்-ரா செயின்ட் பிரவுன் நான்காம் சுற்றில் வந்தவர். முதல் சீசனின் கடைசி ஆறு ஆட்டங்களில் ஒவ்வொன்றிலும் எட்டு கேட்சுக்குக் குறையவில்லை. சீசன் மொத்தத்தை மட்டும் பார்த்தவருக்கு அந்தத் திருப்பம் தெரிந்திருக்காது, நான்கு ஆட்டக் கட்டு வைத்தவருக்குத் தெரிந்திருக்கும்.

ஏமாற்றும் அடையாளங்கள்

நாற்பது யார்டு ஓட்ட நேரம் முதலாவது. ஜான் ராஸ் 2017-இல் 4.22 நொடியில் ஓடி அன்றைய சாதனை படைத்தார், 9-ஆவதாக எடுக்கப்பட்டார், முதல் சீசனில் ஒரு கேட்ச்கூட இல்லை. வேகம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முதல் இலக்குக்கு வேகத்தைவிட வேகத்தை நிறுத்தும் திறன் முக்கியம். அதற்கு மூன்று கூம்பைச் சுற்றி ஓடும் சோதனையின் நேரம் கொஞ்சம் உதவும். ஸ்மித்-இஞ்ஜிக்பா அதை 6.57 நொடியில் முடித்தார்.

கேட்ச் தவறுவதை எண்ணிப் பயப்படுபவர்கள் அதிகம். 2021-இல் சீசனுக்கு முந்தைய ஆட்டங்களில் சின்சினாட்டியின் புதுமுகம் ஜமார் சேஸ் அடுத்தடுத்துப் பந்தை விட்டார். கல்லூரிப் பந்தில் இருக்கும் வெள்ளைப் பட்டை என்எஃப்எல் பந்தில் இல்லை, பழக நேரம் ஆகிறது என்றார், பலரும் சாக்கு என்றார்கள். அந்தச் சீசனிலேயே 1,455 யார்டு, 13 டச் டவுன். எத்தனை விட்டார் என்பதைவிட எப்படி விட்டார் என்று பாருங்கள். பிடிக்கும் முன்பே ஓடத் திரும்பியதால் விட்டது சரியாகிவிடும். கையை நீட்டாமல் ஒவ்வொரு பந்தையும் மார்போடு அணைத்துப் பிடிப்பது கைப்பழக்கம், மாறக் காலம் ஆகும். கல்லூரியில் ஒரு கால் உள்ளே இருந்தால் போதும், இங்கே இரண்டு கால் வேண்டும். எல்லைக் கோட்டில் பின்காலை இழுத்து வைக்கப் பழகாதவர் முதல் சீசனில் நல்ல பந்துகளை இழப்பார், அதைத் தவறிய கேட்ச் பட்டியலில் தேடினால் கிடைக்காது.

இருபது புள்ளி பின்தங்கிய நாலாம் கால்பகுதியில் வந்த டார்கெட்டுகளைப் பென்சிலால் குறியுங்கள். எதிரணி அங்கே குட்டைப் பந்தைக் கொடுத்து கடிகாரத்தைத்தான் காக்கும். ஒரே ஒரு 70 யார்டு பந்தால் 110 யார்டு ஆனவரையும் அப்படியே.

தடுத்து நிறுத்தும் பிளாக் வேலையைச் சிலர் கணக்கில் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும். பிளாக் செய்யத் தெரியாத ரிசீவரை ரன் ஆட்டத்தில் வெளியே எடுத்தால், அவர் உள்ளே வந்ததுமே பாஸ் என்று எதிரணி கண்டுகொள்ளும். கப், நாகுவா இருவரும் எந்த டவுனிலும் களத்தில் இருக்க முடிந்ததற்கு இதுவும் காரணம்.

எதிரணியின் மரியாதை

கடைசிச் சான்றை எதிரணிதான் தரும். கடைசி வரிசைக் காவலரான சேஃப்டி ஒருவர் ஸ்னாப்புக்குப் பின் இவர் பக்கமே சாய்கிறாரா? எதிரணியின் முதல் கார்னர் இவர் இடம் மாறும்போதெல்லாம் கூடவே இடம் மாறுகிறாரா? அப்படி நடந்த ஆட்டத்தில் இவருக்கு மூன்று கேட்ச், 30 யார்டு வந்தாலும் வருத்தப்படாதீர்கள். அந்த ஆட்டத்தில் அணியின் மற்ற ரிசீவர்களுக்கு இடம் கிடைத்ததா என்று பாருங்கள். அதற்கு அடுத்த வாரங்களில் பயிற்சியாளர்கள் இவரை ஸ்லாட்டுக்கு நகர்த்துவது, ஸ்னாப்புக்கு முன் குறுக்கே ஓட வைப்பது, நெருக்கமாகக் கூட்டி நிறுத்துவது என்று வழி தேடத் தொடங்கினால், அவர்கள் மனதில் இவர்தான் முதல் ஆள்.

நான்கு, ஒன்பது, பதினான்காவது வாரங்களில் கணக்கை நிறுத்தி முடிவை எழுதுங்கள். குவார்ட்டர்பேக் மாறினாலோ, ஆட்டத்தை அழைக்கும் பயிற்சியாளர் மாறினாலோ, பழைய பங்கை அப்படியே சுமந்துகொண்டு போகாதீர்கள். அந்த வாரத்தில் கோடு கிழித்து, கீழே புதிய கட்டைத் தொடங்குங்கள். ரூட், முதல் பார்வை, நிற்கும் இடம் ஆகிய மூன்றையும் அங்கே மறுபடி எண்ண வேண்டும்.